ரெண்டும் ஒரே மாதிரி

அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். காலையில் வந்த பெரியவர், "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு" என்று சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்னும் தெளிவாக வருமோ என்று லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் தலை சுற்றுகிறது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறிப்பேட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள். அன்றன்றைய பிழையை அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்பது, கண் பரிசோதனை படிக்க அவள் போகும் மாலை வகுப்பின் ஆசிரியர் இட்ட கட்டளை. அவள் மதிய இடைவேளையிலேயே எழுதிவிடுவாள். மாலைவரை வைத்திருந்தால் பிழைக்குச் சமாதானம் முளைத்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் இருந்த சிறிய இருட்டறையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பது அவள் வேலை. எழுதியதை இன்னொரு முறை படித்தாள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் எதையோ விட்டுவிட்டதுபோல இருந்தது.

அவள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் இரண்டு லென்ஸ்களுக்கு மேல் காட்டக் கூடாது. "ஒண்ணா, ரெண்டா, எது தெளிவு?" என்று கேட்க வேண்டும். எது நல்லதோ அதை வைத்துக்கொண்டு அடுத்ததைக் காட்ட வேண்டும். இப்படியே போனால் ஓர் இடத்தில் ஆள் தடுமாறுவார்; இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்பார். அதுதான் முடிவு. அதற்குமேல் தேட ஒன்றுமில்லை. அதையே எழுதிக் கொடுத்துவிடலாம். இதை அவள் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். தனக்குச் செய்துகொள்ளத்தான் தெரியவில்லை.

இன்று மாலை கடை மூடுவதற்குள் அவள் ஓர் ஆளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருட்டறையை ஒட்டியிருந்த பட்டறையில் லென்ஸ் வெட்டித் தேய்ப்பவன் அவன். முழங்கை வரை, புருவத்தின்மேல்கூட, வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதனால் கடையில் எல்லோருக்கும் அவன் தூசி. கோடையில் ஒருநாள், கடை ஓய்ந்த நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைத் திரும்பப் போட்டான்.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதில் அவளுக்கு ஐயமே இல்லை. அவளைக் குழப்பியது கைபேசிதான். அவன் கேட்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அண்ணி அவளை ஒரு வரன் தேடும் செயலியில் சேர்த்துவிட்டிருந்தாள். விரலால் தள்ளத் தள்ள முகங்கள் வந்தன. முறையாகச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். ஒவ்வொருவரையும் தூசியோடு வைத்துப் பார்த்தாள். இவன் சிரிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஊர் ஊராகப் போகும் வேலை. அவன் பொறுமைசாலிபோலத் தெரிகிறான், ஆனால் தூசியும் பொறுமைசாலிதான். யாரும் தூசியைவிட மேலாகவும் இல்லை, கீழாகவும் இல்லை. அப்படியென்றால் நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து அடுத்த முகத்துக்குப் போனாள். அண்ணிக்கே அலுத்துவிட்டது. "மாப்பிள்ள பாருன்னா கண்காட்சி பாக்குற. பாத்துக்கிட்டே இரும்மா, கடைசியில வாசல மூடிட்டு வெளக்க அணைச்சிருவாங்க" என்றாள்.

கடையில் தினமும் காண்பதுதான் இது. ஒரு சுவர் முழுக்க ஃபிரேம்கள். கூச்சப்பட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் ஒன்றை மாட்டி, கழற்றி, வேறொன்றை மாட்டி, கூட வந்தவரோடு சண்டை போட்டு, ஒருவழியாகப் பணம் கட்டுவார்கள். பிறகு புதுக் கண்ணாடியோடு வாசல்வரை போய், அங்கிருந்து சுவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைக் கண்டு அவளும் தூசியும் சிரித்திருக்கிறார்கள்.

முதலாளி புதுக் கிளை திறந்துவிட்டார். பட்டறை மொத்தமும் அங்கே போகிறது. இயந்திரங்களை நேற்றே ஏற்றிவிட்டார்கள். நாளையிலிருந்து தூசிக்கு அங்கேதான் வேலை. போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அவன் கேட்டிருந்தான். சரி என்ற ஒற்றைச் சொல்லை அவள் காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தாள். ஆனால் பேருந்தில் வரும்போது அண்ணி ஒரு புது முகத்தை அனுப்பியிருந்தாள். அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

மாலையில் தூசி வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான். பொடி இல்லாமல் யாரோபோல இருந்தான்.

"எனக்கும் ஒரு தடவ பாத்துருங்க டாக்டரம்மா. ஊரு கண்ணாடியெல்லாம் நான் வெட்டுறேன், எனக்கே எழுத்து ரெண்டாத் தெரியுது."

விளக்கைத் தணித்து, அவன் மூக்கில் பரிசோதனை ஃபிரேமை மாட்டினாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"இப்ப?"

"ரெண்டு."

ஒரு தரம்கூட அவன் தயங்கவில்லை. இப்படிப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் பொறாமை.

"இப்ப?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

அவள் கை நின்றது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"இன்னும் ஒரு வாரம் தருவீங்களா?"

கண்ணாடி மாட்டியபடியே அவன் சிரித்தான். சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் அக்கா ஒரு பெண்ணைக் காட்டினாள் என்றும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிவிட்டு வந்ததாகவும், இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். "நீ சரின்னா, அக்காகிட்ட இப்பவே வேண்டாம்னுருவேன்."

"அவங்கள உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்கணும்னு நெனச்சுட்டா புடிச்சுப்போகும். உன்னையும் அப்படித்தான் புடிச்சுது. இந்தக் கடையில நீ ஒருத்திதான இருந்த."

அது அவளைச் சுட்டது. ஆயிரம் பேரில் தன்னைத் தேர்ந்ததாக அவன் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளும் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒருத்திதான் இருந்தாள், போதும் என்று இருந்துவிட்டான். அது குறைவா, நிறைவா என்று அவள் எடைபோட ஆரம்பித்தாள். அவன் இருட்டில் காத்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாத கை பழக்கத்தில் லென்ஸை மறுபடி புரட்டியது.

"இன்னொரு தடவ பாத்துருவோமா?"

"போதும்மா. ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன்ல."

ஃபிரேமை அவனே கழற்றினான். லென்ஸ்களைத் துடைத்து, பெட்டியில் அதனதன் பள்ளத்தில் வைத்தான். கதவருகே ஒரு கணம் நின்றான். அவள் விளக்கைக் கூட்டினாள். அவன் போய்விட்டான். கடைவாசலில் அவன் திரும்பிப் பார்த்தானா என்று எட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவே இல்லை.

காலியான பட்டறையில் இயந்திரங்கள் இருந்த இடங்கள் மட்டும் தரையில் சதுரம் சதுரமாகத் துலங்கின. சுற்றிலும் வெள்ளைப் பொடி. அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கைபேசியில் அண்ணி கூப்பிட்டாள். காலையில் அனுப்பிய ஆளைப் பார்த்தாயா, அவர் மூக்கு உன் கடை ஃபிரேமுக்கென்றே செய்துவைத்ததுபோல இருக்கிறதே என்று சிரித்தாள். இவள் கூடச் சிரிக்காததால் அண்ணியின் குரல் இறங்கியது.

"என்னம்மா ஆச்சு? வேண்டாம்னா சொல்லு, அந்த ஆப்லருந்து உன்ன எடுத்துர்றேன்."

அவள் லென்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"இருக்கட்டும் அண்ணி."

பேச்சு முடிந்ததும் விரல் தானாகத் தள்ளத் தொடங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. வந்துகொண்டிருந்த முகங்களில் ஒன்றைக்கூட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நாளைக்கும் அப்படித்தான் இருக்கும், அதற்கு மறுநாளும். அவளை நிறுத்தச் சொல்ல எதிரே ஒருவரும் இல்லை.

மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மதியம் எழுதியதன் கீழே, மறுநாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் எழுதினாள்.

நாளை: பட்டறை இங்கே இல்லாததால், வெட்ட வேண்டிய கண்ணாடிகளின் அளவுகளைக் கடை திறந்ததும் புதுக் கிளைக்கு அனுப்ப வேண்டும். தூசியின் கண்ணாடி அளவையும் அதோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.