கக்கிய சுண்டெலி

தொலூக்கா நகரின் ஞாயிற்றுச் சந்தையில் நெரெய்தா விற்கும் பாம்புக் குட்டிகளுக்கு நல்ல பெயர். அவள் வாய்க்கு அதைவிடப் பெரிய பெயர். வாங்கிப் போன குட்டி இரையைக் கக்கிவிட்டது என்று யாராவது வந்து நின்றால் அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். தின்ற பாம்பை இரண்டு நாளைக்குக் கையில் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு, தொடவே இல்லை என்று சத்தியம் செய்வதில் மனுஷர்களை யாரும் மிஞ்ச முடியாது.

அதனால்தான் மினி பஸ் ஓட்டும் பிதென்சியோ பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது அவரை அவள் முழுதாகப் பேசவே விடவில்லை. உள்ளே விரல் கனத்தில் ஒரு போவாப் பாம்புக் குட்டி, தோல் சுருங்கிக் கிடந்தது. மகள் இட்சாயனாவின் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு நெரெய்தாவிடமே வாங்கியது. இரண்டு முறை கக்கிவிட்டதாம். சூடு சரியாக வைத்தோம், யாரும் தொடவில்லை என்றார்.

"தொடாமலே கக்குச்சாம். ஏன், அதுக்கு மசக்கையா தோன் பிதென்சியோ? வீட்டுல உங்க பொண்ணைக் கேளுங்க. கழுத்துல போட்டுப் போட்டோ எடுத்திருக்கும்."

சுற்றுக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தமாலே என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிதென்சியோ காது சிவக்க, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நெரெய்தா குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் பட்டினி போட்டாள். வயிறு ஆறட்டும் என்று தண்ணீரும் சூடும் மட்டும் கொடுத்தாள். பிறகு ஃப்ரீசரிலிருந்து இருப்பதிலேயே சின்னச் சுண்டெலியாக எடுத்து, பனி விட்டதும் கொடுத்தாள். குட்டி விழுங்கியது. அவள் தொடவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டி நாறியது. பாதி கரைந்த சுண்டெலி மூலையில் கிடந்தது.

சூட்டைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஃப்ரீசரைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணி விற்கும் குச்சி ஐஸும் அவளுடைய சுண்டெலிகளும் அதில் பங்காளிகள். சுண்டெலிகள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. செப்டம்பரில் ஊர்த் திருவிழாவன்று மழையில் ஒரு பகலும் இரவும் கரண்ட் இல்லை. உருகிய ஐஸையெல்லாம் அண்ணி கொட்டினாள். இதையும் கொட்டிடலாமா என்று கேட்டதற்கு, பாம்புக்கு என்ன தெரியப்போகிறது என்று நெரெய்தாதான் சொன்னாள். கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி உறைந்தது. அதிலிருந்துதான் பிதென்சியோவுக்குக் குட்டியோடு இரைக்கென்று பன்னிரண்டு கொடுத்திருந்தாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சுண்டெலிகள் அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தாள். புதுச் சுண்டெலி வாங்கி வைத்து, மூன்று வாரம் பொறுத்து, சின்னதாக ஒன்று கொடுத்தாள். அது வயிற்றில் தங்கியது. குட்டி பிழைத்தது, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், நாலு சுண்டெலி இலவசமாகப் போட்டால் வாய் மூடிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அடுத்த ஞாயிறு குட்டியையும் கொண்டுவந்து கடை விரித்தாள்.

பிதென்சியோ மகளோடு வந்தார். அந்தப் பெண் மேசைமுன் நேராக நின்றாள்.

"தோன்யா நெரெய்தா, அப்பா பொய் சொல்லல. அவருக்குத் தெரியாது. தின்ன அன்னைக்கு சாயங்காலம் நான்தான் ஒத்தை விரலால ஒரு தடவை தடவிட்டேன். அது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வளர்த்தா செத்துடும்."

தமாலே விற்கிறவள் திரும்பிப் பார்த்தாள். நெரெய்தா ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

"உன்னால இல்லம்மா," என்றாள். அன்று ஏசிய அதே குரலில், சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கெட்டுப்போன எலியை வித்தது நான். என்கிட்டயும் கக்குச்சு. நான் தொடவே இல்ல. தோன் பிதென்சியோ, உங்களை இங்க வச்சுத்தான் கேவலப்படுத்தினேன். இங்கயே மன்னிப்புக் கேக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பிதென்சியோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நெரெய்தா குட்டியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். தின்று ஆறு நாள் ஆகிவிட்டது, தாராளமாக எடுக்கலாம் என்றாள்.

இட்சாயனா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.