கதவோரக் கதிரை

“இழுக்காதை பிள்ளை. சட்டையின்ரை பின்பக்கத்தை வெட்டிவிட்டால் தன்பாட்டிலை ஏறும்” என்று சொல்லி சிசிலி கத்தரிக்கோலை எடுத்தாள்.

பிரபாலினி அம்மாவின் கையை விட்டாள். மூன்று நாள் குளிரில் கிடந்த கை. வுப்பர்டாலில் தொங்கு ரயிலுக்குக் காத்திருந்த இடத்திலேயே அம்மா கமலநாயகிக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மகள் டெக்சாஸிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது இறுதிக்கிரியை மண்டபத்தின் பின்னறையில், சேலை உடுத்திவிட இவர்கள் இரண்டு பேர்தான். சிசிலி அன்ரி அம்மாவோடு இருபத்திரண்டு வருடம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபங்களைத் துப்புரவாக்கியவள்.

முன்னால் அப்பா விமலநாதன் கதிரைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பதினொரு மணிக்கு அம்மாவைப் பார்வைக்கு வைக்கவேண்டும், ஒரு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஜெர்மனியில் அழுகைக்கும் டெர்மின், குறித்துக் கொடுத்த நேரம், உண்டு.

பிரபாலினிக்கு இன்னொரு டெர்மினும் இருந்தது. அவள் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் பல்கலைக்கழகம் ஐந்து வருட ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கவேண்டும். இன்று புதன். அங்கே உரிமம் உள்ள மாணவன் கைத்துப்பாக்கியோடு வகுப்புக்கு வரலாம், சட்டம் விடுகிறது. யாரிடம் இருக்கிறது என்று அவள் கேட்கக்கூடாது. மூன்று வருடமாக நாற்பது பைகளுக்கு முன்னால் நின்று படிப்பிக்கிறாள். ஒருவன் கோபத்தோடு எழுந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறாள். ஃபெயில் போடவேண்டிய ஒருவனுக்கு இரண்டு புள்ளி கூட்டிப் போட்டதும் உண்டு. அந்த வெட்கத்தை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் துப்பாக்கி என்ற பேச்சையே எடுத்ததில்லை.

அம்மாவிடம் சொல்லவும் முடியுமா? நாய் குரைத்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். நகரும் படியில் கால் வைக்கமாட்டாள். இடி இடித்தால் வீட்டிலுள்ள அத்தனை வயரையும் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி இருப்பாள்.

“அன்ரி, இந்தக் கைப்பையையும் பெட்டிக்குள்ளை வைப்பம். இது இல்லாமல் அம்மா தபால்பெட்டியடிக்கும் போகமாட்டா.”

“இரும்பும் ரப்பரும் எரிக்க விடமாட்டினம். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பார்.”

திருநீறு மடித்த காகிதச் சரை, இரத்தத்தில் சீனி குறைந்தால் போட்டுக்கொள்ளும் குளுக்கோஸ், பழைய பஸ் சீட்டுகள். அடியில் ஒரு குழந்தைக் காலுறை. உதறியபோது அதற்குள்ளிருந்து கறுப்பு ரப்பர் ஆப்பு விழுந்தது. கதவு மூடாமலிருக்கக் கீழே செருகும் ஆப்பு. பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள். அம்மா அதைக் கதவின் கீழ் வைத்துக் குதிக்காலால் ஒருமுறை தட்டுவாள். பிறகு அந்தக் கதவு அசையாது.

“வேலையை விட்டு ரெண்டு வருசம். இதை ஏன் காவிக்கொண்டு திரிஞ்சவ?”

கொசுவம் மடித்துக்கொண்டிருந்த சிசிலியின் கை நின்றது. “உனக்கு அவ சொல்லேல்லையோ?”

“என்னத்தை?”

“போன வருசம் உன்னட்டை வந்து நிண்டாவெல்லோ.”

வந்து ஆறு கிழமை நின்றாள். ஒரு வகுப்பு விடாமல் மகளோடு வந்தாள். ஆங்கிலம் ஒரு சொல் விளங்காது. முன்வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று பின்னால் போய், கதவோரக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். “எனக்கு இதிலைதான் காத்து வருது” என்பாள். முதல் கிழமை பிரபாலினிக்குப் பெருமையாக இருந்தது. நான்காம் கிழமை, “எனக்கு வெக்கமா இருக்கம்மா, வீட்டிலை இருங்கோவன்” என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாளும் அம்மா அதே கதிரையில் இருந்தாள். அன்றிரவு மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“வந்த ரெண்டாம் நாளே உங்கடை ஆய்வுகூடக் கதவிலை ஒரு படம் பாத்தவ. துவக்குக்குக் குறுக்காலை கோடு” என்றாள் சிசிலி. “எனக்கு ஃபோன் எடுத்தவ. ‘இந்த அறைக்குள்ளை கொண்டுவரக்கூடாதெண்டு ஒட்டியிருந்தால், மற்ற அறையளுக்கை கொண்டுவரலாம் எண்டுதானே கருத்து, சிசிலி’ எண்டவ.”

அந்தத் துப்பாக்கித் தடைப் படத்தைப் பிரபாலினி தினமும் கடந்துபோகிறவள்.

“அவ யோசிச்சு வைச்சது இதுதான். வெளியிலையிருந்து ஆரும் துவக்கோடை வந்தால் கதவைச் சாத்தி உள்ளாலை ஆப்பை இறுக்கிறது. உள்ளுக்கை இருக்கிறவன் எடுத்தால், கதவை விரியத் திறந்து ஆப்பை வைச்சு, உன்னையும் அந்தப் பிள்ளையளையும் ஓடவிடுறது. உன்ரை வீட்டுக் கதவிலை பழகியும் பாத்தவ, நீ குளிக்கப் போற நேரத்திலை.”

“எங்களை ஓடவிட்டிட்டு அம்மா?”

“அதையும் கேட்டனான். ‘என்ரை முழங்காலோடை நான் எங்கை ஓடுறது’ எண்டு சிரிச்சவ.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கதவைப் பாத்துக்கொண்டு நிப்பாயாம். அவள் படிப்பிக்கட்டும், கதவை நான் பாக்கிறன் எண்டவ.”

அந்த ஆறு கிழமையில் ஒரு நாள் பிந்தி வந்த மாணவன் கதவைப் படாரென்று திறந்தான். நாற்பது பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அம்மாவின் கை மட்டும் பைக்குள் போயிருந்தது. டொஃபி எடுக்கிறாள் என்று பிரபாலினி நினைத்தாள்.

“வெக்கமா இருக்கெண்டு சொன்னனான் அன்ரி.”

“ஓம், அதையும் சொன்னவ. நல்லாப் படிப்பிக்கிறாள் எண்டும் சொன்னவ. ஒண்டும் விளங்கேல்லையாம்.”

பிரபாலினி அம்மாவைப் பார்த்தாள். ஐந்தடிக்கும் குறைந்த உடம்பு, மேசையின் நீளத்துக்கு வரவில்லை. நகரும் படிக்குப் பயந்த கால்கள். இந்த மனுஷி ஆறு கிழமை, நாளுக்கு மூன்று மணி நேரம், சாகத் தயாராக அந்தக் கதிரையில் இருந்திருக்கிறாள். இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குப் புட்டு அவித்திருக்கிறாள். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய ஓர் ஆளோடு பழகியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பழகியதும் தெரியாமல் போயிற்றே என்றும் இருந்தது. குனிந்து அம்மாவின் இரண்டு பாதங்களையும் கைகளால் மூடினாள். அவை சூடாகவில்லை.

பதினொரு மணிக்குப் பெட்டி முன்னால் வைக்கப்பட்டது. தேவாரம் தொடங்கியது. மண்டபத்தின் கனத்த கதவு ஒவ்வொருவர் வரும்போதும் திறந்து தானாகவே அடித்துச் சாத்தியது. ஒவ்வொரு அடிக்கும் பாடுகிறவரின் குரல் ஒருகணம் தடுமாறியது.

பின்வரிசைக்கு அப்பா வந்தார். “முன்னுக்கு வா பிள்ளை. ஒரே மகள் நீ, ஏன் கதவடியிலை நிக்கிறாய்?”

“கொஞ்ச நேரம் இதிலை நிக்கிறன் அப்பா.”

அவர் உடனே போகவில்லை. “வெள்ளிக்கிழமை ஏதோ கையெழுத்து எண்டாய்.”

“அஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டன். மே மாசம் வரைக்கும் போறன். பிள்ளையள் சோதினை எழுதி முடிக்கட்டும். பிறகு வந்திடுவன்.”

அவர் தலையாட்டினார். அவள் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டு முன்னால் போனார்.

மலர்வளையத்தோடு நான்கு பேர் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள், கை ஒழியாமல். பிரபாலினி கதவை விரியத் திறந்தாள். குனிந்து ஆப்பைக் கீழே வைத்து, குதிக்காலால் ஒருமுறை தட்டினாள். கதவு நின்றது. அவர்கள் உள்ளே போக வழிவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.