எலி தின்ற கொள்முதல்

ஆடிட்டர் டைப் அடித்துக் கொடுத்திருந்த லாபநட்டக் கணக்கை எலி நட்டநடுவில் கொறித்துவிட்டது. பதினோரு மணிக்குத் திருமலைசாமி அதோடு பேங்கில் இருக்க வேண்டும். கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டிருந்தார். காந்திபுரத்தில் அவருக்குப் பம்புசெட் கடை. தாளைத் தூக்கிப் பிடித்தபோது, பில் போடும் அன்புக்கரசியின் முகம் ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"ஆடிட்டரு திருப்பதி போயிட்டாரு அம்மணி. லோன் அவ்வளவுதான்."

அன்புக்கரசி சேர்ந்து ஆறு மாதம். தபால் வழியில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க முதலாளி. தின்னது போக மிச்சம் இருக்குதுங்களே."

எலி தின்றது கொள்முதல் தொகையை. விற்பனை ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் தப்பியிருந்தது. மொத்த லாபம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரமும் தப்பியிருந்தது. கழித்தாள். விற்ற சரக்கின் அடக்கவிலை ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். வருஷக் கடைசியில் மிஞ்சிய சரக்கு ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்தை அதோடு கூட்டி, வருஷத் தொடக்கத்தில் இருந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கழித்தாள்.

"கொள்முதல் சரியா எட்டு லட்சமுங்க."

திருமலைசாமி கொள்முதல் பில் கட்டைக் கூட்டிப் பார்த்தார். எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"ஒதைக்குதே!"

அன்புக்கரசி மறுபடி போட்டாள், அதே எட்டு லட்சம். பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவள் மோட்டார் பில்லில் நின்றாள்.

"ஏனுங்க, பிப்ரவரில காயில் புகையுதுன்னு எட்டு மோட்டாரைத் திருப்பி அனுப்பிச்சோமில்லீங்க? ஒண்ணு அஞ்சாயிரம்!"

"அட, மறந்தே போச்சு! கம்பெனிக்காரன்கிட்டச் சண்டை போட்டதே நாந்தான்!"

வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் எழுதி, கொறித்த தாளோடு குண்டூசி குத்தி எடுத்துப் போனார்கள். மேனேஜர் ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கால்குலேட்டரைத் தட்டினார். சரியாக வந்தது.

"ஆடிட்டர் வந்ததும் கையெழுத்தோட புதுசு குடுத்துருங்க. இப்ப இது போதும்."

வெளியே வந்ததும் திருமலைசாமி பேக்கரியில் இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார்.

"இந்தக் கணக்கெல்லாம் பரீட்சைல கேப்பாங்களா கண்ணு?"

"கேட்டாங்க. போன தடவை இதுலதான் கோட்டை உட்டேனுங்க."

அவருக்குப் புரையேறியது. "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா தாளைக் குடுத்திருப்பீங்களா?" என்றாள் அன்புக்கரசி, பன்னைப் பிட்டபடி.