‘கை’ என்று கூப்பிட வேண்டிய இடத்தில்

ஓடுகிறவளுக்கு முப்பத்திரண்டு வயது என்றால் அவள் கிழவிதான். உலகம் அப்படித்தான் சொல்கிறது. அவள் முழங்காலும் அதையேதான் சொன்னது. பெரியவளுக்கு அதில் வருத்தமில்லை. நாடு நாடாகப் போய் ஓடியும் கழுத்தில் ஒரு பதக்கம் விழவில்லையே என்பதுதான் வருத்தம். பெரிய போட்டி எதுவானாலும் நூறு மீட்டரில் நாலாவதாக வருவாள். மூன்றாவதாக வந்தால் மேடை, கடைசியாக வந்தால் திட்டு. நாலாவதாக வருகிறவளை யாரும் திட்டக்கூட மாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் ‘நாலாம் நம்பர்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், புண்ணியவான்கள்.

இந்தத் தொடர் ஓட்டத்தோடு ஷூவைக் கழற்றிவிடுவதாகச் சொல்லியாயிற்று. பதக்கம் என்று ஒன்று வந்தால் இதில்தான் வர வேண்டும்.

அதில் பேட்டன் குச்சியை ஓடிவந்து இவள் கையில் கொடுக்க வேண்டியவள் சின்னவள், பத்தொன்பது வயது. பயிற்சி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. வந்த அன்றே இடி இடிக்க, "அக்கா, பயமா இருக்கு" என்று தன் கட்டிலை இழுத்து இவள் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சாக்ஸ் காணோம் என்றால் அக்கா, வயிற்று வலி என்றால் அக்கா, கரப்பான்பூச்சி என்றால் ஊருக்கே கேட்கிற மாதிரி அக்கா.

"உங்கம்மா உன்னைப் பெத்து என் தலையில கட்டிட்டாங்களா?" என்று பெரியவள் அலுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். வீட்டில் அவள் கடைக்குட்டி. அவளை அக்கா என்று கூப்பிட ஒரு ஜீவன் இருந்ததில்லை.

கோச்சுக்கு இது அறவே பிடிக்காது.

"ட்ராக்ல அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. ‘கை’, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் கையைப் பின்னால நீட்டணும். திரும்பிப் பாத்தா தொலைஞ்சோம்."

நூறு தடவை பழகினார்கள். நூறு தடவையும் ‘கை’ சரியாகத்தான் வந்தது.

இறுதி ஓட்டத்தில் சின்னவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். தரையில் போட்டிருந்த அடையாளத்தை அவள் தாண்டியதும் பெரியவள் முன்னால் ஓட ஆரம்பித்தாள். பக்கத்துப் பாதையில் ஓடியவள் எட்டிப் பிடிக்க, சின்னவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பயந்தால் அவள் வாயில் வருவது ஒரே வார்த்தைதானே?

"அக்கா!"

பெரியவளின் கை நீளவில்லை. தலைதான் திரும்பியது. என்னடா ஆச்சு பிள்ளைக்கு என்று எந்த அக்காவும் திரும்புவது போலத் திரும்பினாள். நீட்டிய பேட்டன் அவள் முழங்கையில் இடித்துக் கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கைக்கே எட்டவில்லை.

"தப்பு என்னுதுதான். நான் ஏன் திரும்பினேன்?" என்று கோச்சிடம் சொன்னாள். பத்திரிகைக்காரர்களிடமும் அதையே சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இனி வீட்டுக்குப் போகலாம், இந்தக் குட்டியையும் விடுமுறைக்குக் கூட்டிப் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டே அறைக்கு வந்தாள்.

சின்னவள் தன் கட்டிலை எதிர்ச்சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னடி பண்றே?"

"நீங்க குளிச்சிட்டு வாங்க மேடம்."

"மேடமா?"

"இனிமே அப்படித்தான். செத்தாலும் உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். உங்க பதக்கத்தை முழுங்கின வாய் இது."

மைதானத்தில் வராத அழுகை அப்போதுதான் பெரியவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாவி, எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாண்டி."

அவள் சொன்னது பதக்கத்தை அல்ல. சின்னவளுக்கு அது எங்கே புரிந்தது? தள்ளி நின்றபடியே கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சிடுங்க, மேடம்."