பத்தொன்பது பேருக்கு ஒரு நாள் பொறுப்பு

இது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் நடந்ததா, அதற்கும் முந்தின நாளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிள்ளைகள் பத்தொன்பது பேர் என்பதும் பானுமதி சொன்ன கணக்குதான்.

பானுமதி ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். நாள் முழுக்கக் கணினியில் பெயர்களை ஏற்றுவாள். வயது நாற்பத்திரண்டு. யாரோடும் பேசாமல் ஒரு நாளைக் கழிப்பது அவளுக்குச் சிரமமே இல்லை. அன்று காலை எட்டு மணிக்கு அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, தில்லை நகருக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒருத்திக்குக் கால் முறிந்திருந்தது. இன்னொருத்தியையும் கண்காணிப்பாளர் வியாகுலம்மாளையும், ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் காணாமல் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருந்தார்கள். காணாமல் போகாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் பானுமதி. தாளில், 'மாலை ஆறு மணி வரை பத்தொன்பது பிள்ளைகளுக்கும் முழுப் பொறுப்பு' என்று இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஒரு பெண் பைலோடு வந்து நின்றாள். பெயர் பிரான்சி, இருப்பவர்களில் மூத்தவள்.

"மேடம், நான் பொன்மலைக்குப் போகணும். ரயில்வே ஒர்க்‌ஷாப்ல அப்ரன்டிஸ், வெல்டர். இன்னைக்கு சர்டிபிகேட் பாக்குறாங்க. ஒரு மணிக்குள்ள போகலைன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்க."

பிப்ரவரியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்கு மேல் இல்லத்தில் இடமில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் ஜீயபுரத்தில் சித்தி வீடுதான். அந்த வீட்டிலிருந்துதான் அவளை இங்கே மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

பானுமதி வியாகுலம்மாளுக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு தனியா போகக் கூடாது. ரூல் தெரியும்ல?"

"நான் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

"நீங்க போயிட்டா மத்ததுங்களை யாரு பாக்குறது? பிள்ளைங்களைத் தனியா விடக் கூடாது. அதுவும் ரூலு."

"அப்ப என்ன செய்யட்டுங்க?"

அந்தப் பக்கம் யாரோ மைக்கில் ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ரூல்படி பாத்து செய்ங்க. பன்னெண்டு மணிக்குத் தலை எண்ணி குரூப்ல போட்டோ போடுங்க. மறந்துராதீங்க."

பானுமதி தாளை மறுபடி படித்தாள். பிரான்சி நின்றபடியே இருந்தாள். தாளில் பிள்ளைகளைப் பற்றித்தான் இருந்தது. கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"எல்லாரும் செருப்பைப் போடுங்க" என்றாள் பானுமதி.

சமையல்கார மலர்க்கொடி கரண்டியோடு ஓடி வந்தாள். "அத்தனையையுமா இழுத்துட்டுப் போறீங்க? எங்கிட்ட விட்டுட்டுப் போங்களேன்."

"நீங்க லிஸ்ட்ல சமையல்னுதான் இருக்கீங்க."

"சமையல்காரின்னா கண்ணு தெரியாதா?"

"தெரியும். லிஸ்ட்ல இல்ல."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் இருபது டிக்கெட் கிழித்தார்.

"என்னம்மா, டூரா?"

"சர்டிபிகேட் காட்டப் போறோம்."

"எல்லாருமா?"

"ஒருத்தி."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, சர்டிபிகேட் ஒண்ணு, டிக்கெட் இருபது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிரான்சி சிரிக்கவில்லை. பைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். பானுமதி பக்கத்தில் உட்கார்ந்து பொன்மலை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதினொன்றரைக்குப் பிரான்சி ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். மற்றவர்களைப் பானுமதி வெளியே மர நிழலில் வரிசையாக நிறுத்தினாள். பன்னிரண்டுக்குத் தலை எண்ணினாள். சரியாகப் பத்தொன்பது. படம் எடுத்து குரூப்பில் போட்டாள். வியாகுலம்மாள் கட்டைவிரலை அனுப்பினாள்.

அதன்பிறகுதான் பானுமதிக்கு உறைத்தது. பிரான்சி உள்ளே இருக்கிறாள். வரிசையில் பதினெட்டுப் பேர்தான் இருக்கவேண்டும். திரும்ப ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"நீ யாரு?"

"வைஷ்ணவி."

"எந்த ரூம்?"

"ரூம் இல்ல. இங்க பின்னாடி ரயில்வே குவார்ட்டர்ஸ்."

"இங்க எதுக்கு நிக்கிற?"

"எல்லாரும் நின்னாங்க."

படத்தை அழிக்கலாமா என்று பானுமதி யோசித்தாள். அதற்குள் அருள்ராஜ் என்ற குமாஸ்தா ஒரு படிவத்தோடு கேட்டுக்கு வந்தார். பிரான்சி அவர் பின்னால் நின்றாள்.

"மைனர் பொண்ணு. கார்டியன் உள்ள வந்து கையெழுத்துப் போடணும்."

"இவங்களை விட்டுட்டு வர முடியாதுங்க. இங்கயே போடுறேன்."

"நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?"

பானுமதி தாளைக் காட்டினாள். அவர் படித்தார். "இதுல சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்னு இருக்கேம்மா. இது ஒரு வருஷத்து ஒப்பந்தம்."

"கையெழுத்தை இப்பதானே போடுறேன். மணி பன்னெண்டேகால்."

அருள்ராஜ் வரிசையைப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் வைஷ்ணவியும் அவரைப் பார்த்தார்கள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

ஒரு மாதம் கழித்து ஒப்பந்தத்தின் நகல் இல்லத்துக்கு வந்தது. அதில் போட்டிருந்த நேரப்படி பிரான்சி அன்று பன்னிரண்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குள் இருந்தாள். அதே பன்னிரண்டு மணிக்கு வியாகுலம்மாளுக்கு வந்த படத்திலோ பத்தொன்பது பேரும் வெளியே வரிசையில் இருந்தார்கள். விளக்கம் கேட்டார்கள். 'பிள்ளைகளைத் தனியே விடவில்லை. ஒன்று அதிகமாக எண்ணிவிட்டேன்' என்று பானுமதி எழுதிக் கொடுத்தாள்.

மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெயர் பதிகிறாள். வியாகுலம்மாள் அதே இடத்தில் இருக்கிறாள். கால் முறிந்தவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வைஷ்ணவி அன்றே வீடு போய்ச் சேர்ந்தாள். வீட்டில் யாரும் அவளைத் தேடியிருக்கவில்லை. பிரான்சி பயிற்சியை முடித்து, பெண்கள் விடுதியில் தங்கி ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறாள். ஜீயபுரத்துக்குப் போகவில்லை.