சிடுமூஞ்சியின் வேர்

பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். இன்று காலையிலிருந்து நிற்கவே இல்லை. தொட்டிகளைக் கவிழ்த்து, உருளைக்கிழங்கை எடை போடும் நாள்.

போட்டி இரண்டு ரகங்களுக்கு இடையே. ஒன்று மாப்பிள்ளை. போட்டோவுக்கு நிற்பதுபோல நிமிர்ந்து, பளபளவென்று வளரும். இன்னொன்று சிடுமூஞ்சி. குட்டை, சுருங்கிய இலை, எந்நேரமும் கோபம். ஆய்வுக்கூடத்தில் நாங்களே வைத்த பெயர்கள்.

சிடுமூஞ்சியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று, நடவுக்கு முன் நடந்த கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் மேடம் சொன்னார்.

"மணிச்சத்து இல்லாத மண்ல வெச்சுப் பாக்கலாமே, மேடம்."

யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். கூட்டத்தில் அதுவரை நான் தும்மியதுகூட இல்லை.

"சரி. தோத்துட்டா விதைக்கிழங்கோட குப்பைக்கு."

தலையாட்டினேன்.

மற்ற சத்தெல்லாம் எல்லாத் தொட்டிக்கும் கொடுத்தோம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மட்டும் கிடையாது. மண்ணில் ஒட்டிக் கிடக்கும் கொஞ்சநஞ்சத்தைத் தேடிப் பிடிக்கிற ரகம் பிழைக்கும்.

இன்று மேடம் முதல் மாப்பிள்ளைத் தொட்டியைக் கவிழ்த்தார். மேல்மண்ணில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினார்.

"இது உரம்தானே?"

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா கதவைப் பார்த்து நகர்ந்தார்.

"அக்கா?" என்றேன்.

"என்னம்மா பண்ண? ராஜா மாதிரி இருந்த புள்ள, இலையெல்லாம் கறுத்து, கூனிப்போய் நின்னுச்சு. மனசு கேக்கல. ஸ்டோர் மூட்டையிலேர்ந்து சூப்பர் ஒரு பிடி போட்டேன்."

சூப்பர் பாஸ்பேட். அசல் மணிச்சத்து.

"எல்லா மாப்பிள்ளைக்குமா?" என்றார் மேடம்.

"ஒருத்தனுக்குப் போட்டுட்டு இன்னொருத்தனைப் பட்டினி போடவா?"

"சிடுமூஞ்சிக்கு?"

"அதுக்கா? அது என்னைக்கு நல்லா இருந்துச்சு, இன்னைக்கு வாடிப்போச்சேன்னு கவலைப்பட?"

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எதுவும் செல்லாது. ரெண்டையும் கொட்டிடுங்க."

சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"எடை மட்டும் போட்டுடலாமே, மேடம்."

இரண்டாம் முறை. பழகிவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் கிழங்குகள் தட்டில் கோலிக்குண்டுபோல உருண்டன. பிறகு சிடுமூஞ்சித் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் உதிரவில்லை. தொட்டியின் வடிவத்திலேயே வெளியே வந்து நின்றது. சுற்றிலும் வெள்ளை வேர், வேர் முழுக்க மயிர்போல மெல்லிய தூவி.

"அடேயப்பா," என்றார் அக்கா. "சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கு."

சிக்கெடுத்தேன். உள்ளேயிருந்து கிழங்குகள் வந்துகொண்டே இருந்தன. பெரிதில்லை, ஆனால் கிழங்கு என்று சொல்லலாம். அடுத்த தொட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தராசு முள் மாப்பிள்ளையைத் தாண்டிப் போனது. மேடம் தட்டை எடுத்து மறுபடி வைத்தார். முள் அதே இடத்தில் நின்றது. குனிந்து தட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. இதுக்கும் போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். அதை நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்போ கள்ள ஆட்டம் ஆடியும் மாப்பிள்ளை தோத்துட்டானா?"

சொல்லி முடிப்பதற்குள் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடைத்து வைத்திருந்த மொத்தமும் பொத்துக்கொண்டது. மண் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். வாயெல்லாம் மண்.

"பாவம் புள்ள, சிரிக்கிறீங்களே," என்று அக்கா மாப்பிள்ளையின் வாடிய தண்டை நிமிர்த்தி வைத்தார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கணக்குல இதைச் சேக்க முடியாது. மறுபடி வைக்கணும். சிடுமூஞ்சி விதைக்கிழங்கைப் பத்திரமா எடுத்து வை. ஸ்டோர் சாவி இனிமே உன்கிட்டதான்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது.

சாவியைப் பையில் போட்டபோது அக்கா என் காதருகே வந்தார்.

"மேடம் கேட்டதும் நியாயம்தாம்மா. ஓரவஞ்சனை தப்பு. அடுத்த தடவை சிடுமூஞ்சிக்கும் ஒரு பிடி போட்டுடறேன்."

"அக்கா!"

வாசல் வரை போயிருந்த மேடம் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சத்தமாக எனக்குக் கத்தத் தெரியும் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.