நிழல் சீட்டு

"கையை மூடுடி எவான்தியா! என் தம்பி மண்ணுக்குள்ள போயி ஆறு வருஷம்கூட முழுசா ஆகலை. அதுக்குள்ள முழங்கை வெளிய தெரியுதா உனக்கு?"

முற்றத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கத்திங்கோ உள்ளே வந்த வேகத்தில் கோழிகள் சிதறி ஓடின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எவான்தியா பதறி எழுந்தாள். தலையில் கறுப்புத் துணி இல்லை. கறுப்புச் சட்டையின் கைகள் இரண்டும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தன. மகள் அர்கிரோ கையில் கடிகாரத்தோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மாவைத் திட்டாதீங்க அத்தை. நீ உட்காரும்மா, இன்னும் பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"எதுக்குடி பாக்கி?"

"வெயிலுக்கு."

அத்தை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

அர்கிரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சுகாதார அறிவியல் படிக்கிறாள். இது கடைசி வருஷம். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து ஒப்படைத்தால்தான் பட்டம். அது தேறினால் மேற்படிப்புக்கும் இடம் உண்டு. என்ன ஆராய்ச்சி என்று அவள் தேடி அலையவே இல்லை. போன குளிர்காலத்தில் அம்மா வாசற்படியில் சறுக்கி, ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது. நாற்பத்தைந்து வயதில் எலும்பு பார்லி ரஸ்க் மாதிரி நொறுங்குவானேன் என்று வைத்தியர் தலையைச் சொறிந்தார். அதே குளிர்காலத்தில் ஊரில் இன்னும் மூன்று பேருக்கு எலும்பு முறிவு. மூன்று பேரும் விதவைகள்.

கிரீட் தீவில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் புருஷன் செத்த அன்று போட்ட கறுப்பை இந்த மலையூர்ப் பெண்கள் சாகும்வரை கழற்றுவதில்லை. தலை, கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மூடித்தான் ஆலிவ் பறிப்பார்கள், ஆடு கறப்பார்கள். திருவிழா கிடையாது, தெருவில் நின்று சிரிப்பது கிடையாது. மனைவி செத்தால் ஆணுக்கும் துக்கம் உண்டு, இல்லாமல் என்ன? சட்டைக் கையில் ஒரு கறுப்புப் பட்டி, நாற்பது நாள். காப்பிக்கடை ஸ்ட்ராதிஸ் முப்பத்தொன்பதாம் நாளே அதைக் கழற்றிவிட்டான். மறுநாள் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்ததாம்.

வெயில் படாத தோலில் வைட்டமின் டி ஊறாது, எலும்பு வலுவிழக்கும்; ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, ரத்தத்தில் காட்டு என்றது பல்கலைக்கழகம். அதனால் ஊரில் இருபது விதவைகளைச் சேர்ப்பது என்று திட்டம். பத்துப் பேர் தினமும் முப்பது நிமிஷம் தலையும் கையும் திறந்து வெயிலில் உட்கார வேண்டும், பத்துப் பேர் வழக்கம்போல மூடியே இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். யார் வெயில், யார் நிழல் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். அந்தச் சீட்டுகளை நேற்று கோயிலில் பாதிரியார் கையாலேயே எடுக்க வைத்ததுதான் அர்கிரோவின் கெட்டிக்காரத்தனம்.

"பாதிரியாரா எடுத்தாரு?" கத்திங்கோவின் குரல் இறங்கியது. சாமி கை எடுத்த சீட்டை எப்படி மறுப்பது?

"ஆமா. பத்தொம்பது பேர் சேந்தாச்சு. ஒரு சீட்டு மிச்சம் இருக்கு அத்தை, அதைப் பிரிக்கவே இல்லை. உங்களுக்கு வேணுமா?"

"குடு. இந்தக் கூத்துல நம்ம பக்கமும் ஒரு ஆள் வேணும்ல."

பிரித்தாள். நிழல் சீட்டு. ஊர் உலகத்தையே ஜெயித்தவள் போல நிமிர்ந்தாள்.

"பாத்தியா? யாரை எங்க வைக்கணும்னு கடவுளுக்குத் தெரியும்."

"நல்லது. ஆனா மூணு மாசம் அப்படியே இருக்கணும். இடையில மாத்தினீங்கன்னா என் படிப்பு போச்சு."

"அவரு போயி முப்பத்தோரு வருஷமா வேற என்னத்தடி பண்றேன்?" என்று தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வெயில் சீட்டுப் பெண்கள் பத்துப் பேரும் கோயில் பின்மதிலில் வரிசையாக உட்காரத் தொடங்கினார்கள். முதல் வாரம் கைகளை மடியில் வைத்துத் திருட்டுப் பொருள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் யாரோ வறுத்த கொண்டைக்கடலை கொண்டுவந்தாள். மூன்றாம் வாரம் ஒருத்தி, குறட்டை விடும்போது தன் புருஷன் எந்தெந்த மிருகமாக மாறுவான் என்று நடித்துக் காட்டினாள். சிரித்த சிரிப்பில் எவான்தியா மதிலிலிருந்து விழப் பார்த்தாள். அம்மா சிரித்து அர்கிரோ கேட்டுக் கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஆகியிருந்தது. மகள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. நிழல் சீட்டில் முதல் ஆள் மரிகோ. ஊசி போடச் சட்டைக் கையைத் தூக்கிய அர்கிரோ ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

"இது என்ன மரிகோக்கா?"

"மொட்டை மாடியில துணி காயப் போட்டேன்மா."

"மூணு மாசமாவா?"

"ஈரம் ஜாஸ்தி."

அடுத்தவள் கோழிக்குத் தீனி போட்டாளாம். அதற்கடுத்தவள் பூனையைத் தேடினாளாம். ஒன்பது பேர் கையும் ஒரே நிறம். கத்திங்கோவின் கை மட்டும் காகிதம் போல வெளுத்திருந்தது.

அர்கிரோ அழுதுகொண்டேதான் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் செய்தாள்.

"நிழல்ல இருக்க வேண்டியவங்கள்ல எத்தனை பேர் ஒழுங்கா இருந்தாங்க?"

"ஒருத்தர்தான் மேடம்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"ஒப்பிட ஆள் இல்லாம இந்த ஆராய்ச்சி தேறாதும்மா. அதுக்காக அழாதே. ஒம்பது பேரும் எதுக்கு வெயிலுக்கு ஓடினாங்கன்னு ஒவ்வொருத்தரையா கேட்டு எழுதிட்டு வா. அதுவும் ஆராய்ச்சிதான். ஆறு மாசம் கூடுதலா ஆகும், ஆனா அதை நான் தேற வச்சுக் காட்டறேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு அர்கிரோ வீடு வீடாகப் போனாள். எலும்புக்காக என்றாள் ஒருத்தி. புழுக்கம் தாங்கவில்லை என்றாள் இன்னொருத்தி. மற்ற ஏழு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு."

கடைசியாக அத்தை வீடு. ஜன்னலோரம் கறுப்பில் முழுக்க மூடி உட்கார்ந்திருந்தாள் கத்திங்கோ.

"எல்லாரும் ஓடிட்டாளுகளாமே?"

"நீங்க மட்டும்தான் நின்னீங்க அத்தை. நீங்க கறுப்பை விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்னத்த தெரியும் உனக்கு? அந்தச் சிரிப்பு இந்த ஜன்னலுக்கும்தான் கேட்டுச்சு, தினமும். இடையில மாத்தினா படிப்பு போச்சுன்னு நீதானடி சொன்னே? அதுக்காகப் பல்லைக் கடிச்சிட்டு உட்காந்திருந்தேன்."

அர்கிரோ நோட்டை மூடினாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"நான் கையெழுத்துப் போட்ட தாளு?"

"அதுவும் முடிஞ்சுது."

கத்திங்கோ நாற்காலியைத் தூக்கினாள். கோயில் மதில் பக்கம் போகவில்லை, காப்பிக்கடைக்கு நேர் எதிரே, நடுத்தெருவில் கொண்டுபோய்ப் போட்டாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். சட்டைக் கைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். கடைக்குள் தாய உருட்டல் நின்றுபோனது. ஸ்ட்ராதிஸ் தட்டோடு வாசலில் வந்து நின்றான்.

"என்ன பாக்கறே? உன் கறுப்புப் பட்டி அகலத்துக்காவது என் கையும் வெளிய தெரியட்டும்" என்றாள் அவனிடம். பிறகு முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை நிமிஷம்டி?"

"முப்பது" என்று கடிகாரத்தை எடுத்தாள் அர்கிரோ.

"முப்பத்தோரு வருஷத்துக்கா? போடி, அதை உள்ள வச்சிட்டு வா."